கேமராக்காரன் குரல்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் கத்திரி என்று பெயர். கல்யாண வீடியோ எடுத்து, வெட்டி, டிஸ்க்கில் போட்டுக் கொடுப்பது தொழில். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். படத்தில் கேமரா பிடித்தவன் தும்மல் கேட்டால் மட்டும் உயிர் போய்விடும். “எடுக்கிறவன் படத்துக்குள்ள வரக்கூடாது” என்பார். தொழில் தெரிந்தவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. அந்தத் தலைக்கனத்தைத்தான் என்னால் தாங்க முடியாது.

அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், புருஷனைப் பறிகொடுத்த சில மாதங்களில் ஒரு பை நிறைய வீடியோ கேசட்டோடு வந்தார். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது அந்தப் புருஷன் எடுத்தவை. ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்திருந்தன.

“இதுல அவரு இருக்காருடா தம்பி. பத்திரமா போட்டுக் குடு.”

இவர் வேறு வேலையையே தொடவில்லை. கேசட்டுகள் ஒரு தடவை ஓடி, பிளேயருக்குள்ளேயே பிய்ந்து வந்தன. கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே என்று குப்பையில் போட்டார். மொத்தம் நாலு மணி நேரப் படம். ஒரு டிஸ்க்கில் தெளிவாகப் பிடிப்பதோ இரண்டு மணி நேரம். அப்படியே திணித்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிடுமாம்.

“ரெண்டு டிஸ்க்குல போட்டா குடியா முழுகிடும்?” என்று கேட்டேன்.

“பாதிக்கு மேல வேஸ்ட்டு. தரை, சுவரு, ஒரே ஆட்டம். அத வச்சு என்ன பண்றது? ஒண்ணுல முடிக்கிறதுதான் வேலை.”

முடித்தார். கூடவே ஒலியைச் சுத்தம் செய்து, மேலே மெல்லிய இசையையும் ஏற்றினார். அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டுமென்று, வெட்டாத படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தும் விட்டார்.

நாத்தனார் வீட்டில் போட்டுக் காட்டினார். படம் பளிச்சென்று இருந்தது. பிள்ளைகள் தவழ்ந்தன, விழுந்தன, சிரித்தன. நாத்தனார் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். இசைதான் அதிர்ந்தது.

“அவரு எங்கடா?”

“அத்தான்தானேக்கா கேமராவ பிடிச்சாரு. அவரு எப்படி வருவாரு?”

“மூஞ்சியக் கேக்கல. அதுக்கு போட்டோ இருக்கு. ‘ஏய் குட்டி, இங்க பாரு’ன்னு கூப்பிடுவாரே. நிறுத்தத் தெரியாம தரையக் காட்டிக்கிட்டு என்னைத் திட்டுவாரே. அந்தக் குரல் எங்க?”

இவர் முகம் செத்துவிட்டது. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. போன மனிதரை இன்னொரு தடவை சாகடித்துவிட்டு, படம் எப்படி என்று கேட்க வந்திருந்தோம்.

“பழைய கேசட்டக் குடு. அதுவே போதும்.”

“இல்லக்கா.”

“கம்ப்யூட்டர்ல?”

இல்லையென்று தலையை ஆட்டினார்.

திட்டியிருந்தால் தேவலாம். நாத்தனார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அவருடைய சின்ன மகள் கேமராவை நிமிர்ந்து பார்த்து, “வரேன்ப்பா” என்றாள். அவளைக் கூப்பிட்ட குரல் மட்டும் இல்லை. நாத்தனார் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினார். பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த மியூசிக்க மட்டும் எடுத்துடேன் தம்பி. அடியில அவரு இருப்பாரு.”

இசையை ஏற்றும் முன்பே அந்தக் குரலை வெட்டியாயிற்று, அடியில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. நான்தான் சொன்னேன்.