ரேஞ்சர் நட்ட கல்

என் மேசை இழுப்பறையில் ஒரு சின்னக் கத்தரி கிடக்கிறது. ஆரணித் தறிக்காரர்கள் நூல் நறுக்க வைத்திருப்பார்களே, அந்த ரகம். ஆனால் இது தறிப்பக்கம் போனதே இல்லை. மைனாக்களின் காலில் சிக்கிய பட்டு நூலை வெட்டுவதற்காக எங்கள் ரேஞ்சர் வாங்கியது. எழுபதுகளின் கடைசியில் சந்தவாசலுக்கு மேலே இருந்த காப்புக்காட்டில் நான் ஃபாரஸ்ட் கார்டாக இருந்தேன். அவர் என் அதிகாரி, தெற்கத்திக்காரர்.

அந்தக் காட்டுக்குள் ஒரு சுனையும் அதன் கரையில் பெரிய நீர்மருத மரமும் இருந்தன. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த மரம்தான் அம்மன். அமாவாசையன்று தறி ஓட்டமாட்டோம். அன்றைக்கு மலையேறி, தறியில் அறுந்த இழை ஒன்றை மரத்தில் கட்டினால் அடுத்துத் தறியில் ஏற்றும் பாவில் நூல் அறாது என்று நம்பிக்கை. நானும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான், எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. நாலைந்து குடும்பம் நடந்து வந்த காலத்தில் அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. லாரி பிடித்து வரத் தொடங்கியதும்தான் பேஜார். பருத்தியாக இருந்தால் மழையில் இற்றுப்போகும். பட்டு லேசில் போகுமா? இளங்கிளைகளை இறுக்கிப் பட்டையைத் தின்றது. மரத்தில் அடைகிற மைனாக்களின் காலிலும் சுற்றிக்கொண்டது. வேர்மேல் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்தார்கள். மிதிபட்டு மிதிபட்டுச் சுனையோர மண் களிமண் தரை மாதிரி கெட்டியாகி, தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை.

அந்த மரத்தை எப்படியாவது பிழைக்க வைத்துவிட வேண்டும் என்பதுதான் ரேஞ்சருக்கு ராத்திரி பகல் நினைப்பு. பாதையில் முள் வெட்டிப் போட்டார். ஜனங்கள் முள்ளைச் சுற்றிப் போய்ப் புதிதாக மூன்று நாலு தடம் போட்டுவிட்டார்கள். காடு இன்னும் கொஞ்சம் நாசமானது. ஒரு அமாவாசையன்று அவரே மரத்தடியில் நின்று, கட்டாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டார். வரிசையில் முதல் ஆளாக நின்றது என் அக்கா. "எங்க வூட்டுக்காரருக்குப் பாவு பூரா அறுந்துகினே இருக்குதுங்க சார். ஒரே ஒரு இழைதான். இதால மரம் இன்னா ஆயிடப்போகுது?" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. ஒரு இழையால் எந்த மரமும் சாகாது. அவளுக்குப் பின்னால் சுனை வளைவு வரைக்கும் ஆளுக்கு ஒரு இழையோடு நின்றிருந்தார்கள். ரேஞ்சர் என்னைப் பார்த்தார். நான் யாருக்கென்று பேசுவேன்? அதற்குள் அக்கா கட்டிவிட்டு நகர்ந்தாள்.

அப்புறம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அடிவாரத்து செக்போஸ்ட் பக்கத்தில் ஆளுயரக் கல் ஒன்றை நட்டார். மேலே ஏற வேண்டாம், இதிலேயே கட்டிவிட்டுப் போங்கள், அம்மன் ஏற்றுக்கொள்வாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். முதல் அமாவாசையில் பாதிப் பேர் கல்லில் கட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் அவர் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அடுத்த அமாவாசைக்குக் கல்லில் மஞ்சள் ஏறியிருந்தது. ஆடிக்குள் அது அம்மனுடைய காவல்காரனாகிவிட்டது. இவனிடம் உத்தரவு வாங்கித்தான் மேலே போக வேண்டும், அப்போதுதான் வேண்டுதல் பலிக்கும் என்று பேச்சு கிளம்பியது. போளூர், சேத்துப்பட்டு பக்கமிருந்து தறிக்கே சம்பந்தமில்லாதவர்களும் வரத் தொடங்கினார்கள். கீழே ஒரு இழை, மேலே ஒரு இழை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். கல்லைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன். "சாமியாயிட்டுதே தம்பி, இனி எவன் பிடுங்குவான்?" என்றார்.

ரேஞ்சர் மாற்றலாகிப் போகும்போது மரத்தின் ஒரு பக்கம் முழுதாகக் காய்ந்திருந்தது. கத்தரியை என் கையில் கொடுத்து, "மைனாவையாவது பாத்துக்க" என்றார். பார்த்துக்கொண்டேன், முடிந்தவரை. நாலைந்து வருஷத்தில் மரம் மொத்தமாகப் பட்டுப்போனது. மைனாக்கள் எங்கே போயினவோ தெரியாது.

நான் ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. போன ஆடியில் அக்கா கூப்பிட்டாள் என்று அந்த மலைக்குப் போனேன். என்ன நினைத்தோ கத்தரியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கல்லுக்குக் கோபுரம் வந்துவிட்டது. அம்மன் ஒரு ரேஞ்சர் கனவில் வந்து, என்னைப் பார்க்க நிறைய ஜனம் வர வேண்டும், வழியில் காவலுக்குக் கல் நடு என்று சொன்னாளாம். பூசாரி பக்தியோடு சொல்லிக்கொண்டிருந்தார். குங்குமம் வாங்கிக்கொண்டு அக்காவோடு மேலே ஏறினேன்.

மேலே மரம் இருந்த இடத்தில் அடிக்கட்டை மட்டும் இருக்கிறது, சுற்றிலும் இரும்புக் கிராதி. கிராதியே தெரியாத அளவுக்கு நூல். அக்காவுக்குக் கை நடுக்கம். தன் மகனின் தறிக்காகக் கொண்டுவந்த இழையை என்னிடம் நீட்டி, "ஒரே ஒரு இழைதான்டா, நீயே கட்டு" என்றாள். கட்டினேன். "முனை நீட்டிகினு இருக்குது பாரு, நறுக்கு" என்றாள். பையிலிருந்து ரேஞ்சரின் கத்தரியை எடுத்து நறுக்கினேன்.