பனியன் வேஸ்ட்டால் துடைத்த லென்ஸ்

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில், பேரிங் வளையத்தில் கீறல் இருக்கிறதா என்று ஒரு கேமரா பார்க்கும். அது ஒதுக்கியதைத் திரும்பக் கண்ணால் பார்ப்பது குருபரப்பள்ளியிலிருந்து வரும் ஓர் அக்காவின் வேலை. கான்ட்ராக்ட் ஆள். பக்கத்து மெஷின் என்னுடையது. ஒன்பதாவதோடு எனக்குப் படிப்பு நின்றுவிட்டது, வாய் நிற்கவில்லை.

“உன் கண்ணு எத்தன மெகாபிக்சல்க்கா?” என்று தினமும் கேட்பேன்.

“உன் வாய விட கம்மிதான், போடா.”

ஒரு திங்கட்கிழமையிலிருந்து கேமரா நல்ல வளையங்களையும் ஒதுக்கத் தொடங்கியது. திரையில் எல்லாம் பனி மூடியது போல் தெரிந்தது. கேமரா பழசு என்று பெங்களூரிலிருந்து இன்ஜினியரை வரவழைத்தார்கள். அவர் பெரிய சென்சார் வைத்த புதுக் கேமராவில் பழைய லென்ஸையே மாட்டினார். அதே பனிதான். இன்னும் துல்லியமான பனி என்று நான்தான் சிரித்தேன்.

அவர் லென்ஸைக் கழற்றி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள்.

“சென்சார் எழுதிக்கிற ஆளு மாதிரி. லென்ஸ் சொல்றதத்தான் எழுதும். இத யாரு தொடச்சது?” என்றார்.

நான்தான். முந்தின சனிக்கிழமை, மெஷின் சூடாகாமலிருக்க ஊற்றும் கூலன்ட் எண்ணெய் லென்ஸில் தெறித்திருந்தது. அதற்கென்று தனித் துணி சூப்பர்வைசர் டிராயரில் இருந்தது. கையையும் மெஷினையும் டிபன் பாக்ஸையும் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியாலேயே லென்ஸையும் துடைத்துவிட்டேன். அதில் இரும்புத் தூள் இருக்கும் என்பது ஞாபகத்தில் இல்லை.

சூப்பர்வைசர் அக்காவைப் பார்த்தார். கேமராவுக்குப் பக்கத்தில் உட்காருவது அவள்தானே.

“நான் அதத் தொட்டதே இல்ல சார்” என்றாள். என்னைப் பார்க்கவில்லை. நான் வளையத்தை எடுத்து மெஷினில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவள் வரவில்லை. கான்ட்ராக்டர் நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். அதற்கடுத்த நாள் சூப்பர்வைசரிடம் போய், துடைத்தது நான்தான் என்று சொன்னேன். அவர் மொபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அந்தம்மா பேர எழுதி அனுப்பியாச்சு. நீ போய் மெஷினப் பாரு.”

போனேன். அன்றைக்குப் புது லென்ஸ் போட்டார்கள். திரையில் ஒவ்வொரு வளையமும் பளிச்சென்று வந்தது. ஷிப்ட் முடியும் வரை ஏற்றி இறக்கினேன். கிண்டலாகச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.