நாற்பது விநாடிப் பாட்டு

இன்னிசைக் கச்சேரியில் கிதார்க்காரனைப் பார்ப்பவர்கள் அதிகம், கேட்பவர்கள் குறைவு. பாடகர் கைதட்டல் வாங்குவார், தபேலாக்காரர் தலையை ஆட்டியே பேர் வாங்குவார், நாமோ பின்வரிசையில் இரண்டு கையும் வேலையாக இருப்பதால் கொசுவைக்கூட விரட்ட முடியாமல் நிற்போம். அறந்தாங்கியில் ஒரு குழுவோடு முப்பது வருஷமாக இப்படி நிற்கிறேன். உங்களில் யாராவது பின்வரிசையில் நின்று பிழைத்தவர்களாக இருந்தால் நான் சொல்வதற்கு இப்போதே தலையாட்டுவீர்கள். மேடையில் எனக்கே எனக்கென்று கிடைக்கிற நேரம், கச்சேரிக்கு முன்னால் மைக் சரிபார்க்கும்போது கிடைக்கும் நாற்பது விநாடிதான்.

கிதார் ஓகே

சாயங்காலம் நாலு மணி வெயிலில், நாற்காலி போடுகிற சத்தத்துக்கு நடுவே, சவுண்டு சர்வீஸ் செல்வராசு என்னைப் பார்த்துக் கையைக் காட்டுவான். நான் ஒரு இங்கிலீஷ் பாட்டின் ஆரம்பத்தை வாசிப்பேன். தடித்த கம்பியில் தொடங்கி மெல்லிய கம்பிவரை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் ஏறி இறங்குகிற ராகம். ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும் என்பதால் சோதனைக்கு இதைவிடத் தோதான பாட்டு கிடையாது. அதற்கு என்ன பெயர், யார் பாடியது, பிறகு எப்படிப் போகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பக்கம் அதற்கு டெஸ்டிங் பாட்டு என்றே பெயர்.

நான் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு, வட்டாரத்தில் உள்ள மற்ற குழுக்காரர்களும் அதையே வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கோயில் திடலில் அது கேட்டால், கச்சேரி தொடங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது, அடுப்பில் உலை வைக்கலாம் என்று அர்த்தம். செல்வராசு இரண்டு குமிழைத் திருகுவான், நாற்பதாவது விநாடியில் கையைத் தூக்குவான். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவன் சொல்வதில் ஒரு எழுத்து மாறியதில்லை. "போதும்ண்ணே. கிதார் ஓகே. தபேலா வாங்க."

சரோஜா அக்காவின் கேசட்

எனக்கு அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் டேப்ரிக்கார்டர் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். அடுத்த வீட்டு சரோஜா அக்காவின் கணவர் பழனிவேல் மச்சான் குவைத்தில் ஒரு பட்டறையில் இருந்தார். அந்தக் காலத்தில் அங்கிருந்து ஊருக்கு வருகிறவர்கள் கையில் ஆளுக்கு நாலு கேசட் இருக்கும். கடிதம் எழுதச் சோம்பல்பட்டவர்கள் பேசிப் பதிந்து அனுப்பினார்கள். அக்கா முந்தானையில் கேசட்டைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார்.

ஒரு கேசட்டின் ஆரம்பத்தில் மச்சான் பேசுவதற்கு முன்னால் கிதார் கேட்டது. பக்கத்தில் ரேடியோ ஓடியிருக்கும் என்று நினைத்தேன். சரியாக நாற்பது விநாடி. பிறகு மச்சானின் தொண்டைச் செருமல், "சரோசா, நல்லாருக்கியா? ஆடு குட்டி போட்டுருச்சா?" என்று ஆரம்பிக்கும். எனக்கு அந்த நாற்பது விநாடியின்மேல் பைத்தியம் பிடித்தது. அக்கா கேசட்டை விட்டுப் போன நாட்களில் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒரு பழைய கிதாரில் விரலால் தேடித் தேடிப் பிடித்தேன். ஆட்டுக்குட்டிக்குப் பிறகு பாட்டு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அக்காவுக்கோ அந்த நாற்பது விநாடியே தாங்காது. "பாட்டெல்லாம் வேணாந்தம்பி, தாண்டி ஓட்டு. அவுக பேசுறது வரட்டும்."

கட்டுமாவடிக் காதுகுத்து

போன வருஷம் கட்டுமாவடியில் ஒரு காதுகுத்துக்கு வாசிக்கப் போயிருந்தோம். சீர்வரிசை ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு பேண்டு செட் வந்தது. டிரம்பெட்டில் டெஸ்டிங் பாட்டு! அதுவும் மூன்று மடங்கு வேகத்தில், டிரம்ஸ் அடி பின்னி எடுக்க, மீன் கூடை சுமந்து போன பெண்கள்கூட நின்று தோளை ஆட்டினார்கள். ஒரே இடத்தில் மட்டும் எல்லோருக்கும் கால் தடுக்கியது. ராகம் மேலே ஏறப்போகும் இடத்தில் ஏறாமல், இருந்த சுரத்திலேயே இன்னொரு தரம் தட்டிவிட்டு அப்புறம் ஏறும். நான் வாசிப்பதும் அப்படித்தான்.

ஊர்வலம் முடிந்ததும் நாதஸ்வரக்காரரும் தன் பங்குக்கு அதை எடுத்தார். கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக்காரர், நல்ல ஞானஸ்தர். அவர் வாயில் அது சாட்சாத் நடபைரவி ராகமாகவே வந்தது. இதை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் காதில் விழுகிறதே என்றார். சீவாளியைத் துடைத்துக்கொண்டே எனக்கு ஒரு பாடமும் எடுத்தார். "ஏறுற எடத்துல ஒரு தடுக்கு தடுக்குது பாருங்க, அதுதாங்க இந்த உருப்படிக்கே உசுரு."

மாப்ள, ஒரு உதவி

இந்த வருஷம் தை மாதம் பழனிவேல் மச்சான் வீட்டுக்கு வந்தார். குவைத்தை முடித்துக்கொண்டு வந்து பல வருஷமாகிறது. இளைய மகள் கவிதாவுக்குக் கல்யாணம், வரவேற்புக்கு நம் குழுதான் என்றார். சந்தோஷமாகத் தலையாட்டினேன். ஆனால் மனிதர் எழுந்து போகாமல் காப்பி டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார்.

குவைத்தில் அவரோடு ஒரே அறையில் பதினாறு வருஷம் இருந்தவர் ரமோன், பிலிப்பைன்ஸ்காரர். ஓயாமல் கிதார் வாசிப்பாராம். ஒருநாள் மச்சானுக்குக் காய்ச்சல். அவர் நிற்க வேண்டிய மிஷினில் ரமோன் நின்றார். இடது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. அதோடு கிதாரைத் தூக்கிப் பரண்மேல் போட்டவர், பிறகு தொடவே இல்லை. மச்சானை ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. அந்த ரமோன் கல்யாணத்துக்கு வருகிறார்.

"அவன் எப்பவும் ஒரே பாட்டத்தான் வாசிப்பான் மாப்ள" என்று மச்சான் வாயால் முனகிக் காட்டினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம்ம டெஸ்டிங் பாட்டு! அதை முழுசாக வாசிக்க வேண்டும் என்றார். நாற்பது விநாடிக்கு மேல் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தவன், அவர் கண்ணைப் பார்த்து மென்று விழுங்கினேன். "அவன் கையத் திருப்பிக் குடுக்க என்னால முடியாது மாப்ள. பாட்டையாச்சும் குடுத்துருவோம்."

ஒரு நிமிஷத்தில் கிடைத்த பெயர்

மணப்பெண் கவிதாவிடமே உண்மையைச் சொன்னேன். அவள் போனை என் கிதார் முன்னால் நீட்டினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பெயர், பாடியவர்கள், வெளிவந்த வருஷம், தலைமுடியைத் தோள்வரை வளர்த்த நாலு வெள்ளைக்காரர்களின் படம், எல்லாம் வந்துவிட்டது. முப்பது வருஷமாக நான் மண்டையைக் குடைந்துகொண்ட விஷயம். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் "ப்பூ, இதுவா?" என்பீர்கள், என் மானம் போகும்.

பொருளையும் அவளே படித்துச் சொன்னாள். தூர தேசம் போனவனைத் திரும்பி வா என்று கூப்பிடுகிற பாட்டாம். இதையா சரோஜா அக்கா தாண்டி ஓட்டச் சொன்னார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கவிதாவின் சந்தேகம் வேறு. "இதுக்கு இவ்வளவு அழகா ஒரு பேரு இருக்கு மாமா. ஏன் இத்தன வருசமா டெஸ்டிங்னே சொன்னீங்க?"

உலகமே தப்பு

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. மத்தியான நேரமெல்லாம் போனோடு உட்கார்ந்தேன். அசல் பாட்டு ஒன்று, அதை மற்றவர்கள் வாசித்தது எத்தனையோ. ஒரு பெண் வீணையில் வாசிக்கிறாள். பனிப் பிரதேசத்தில் தாத்தா ஒருவர் மவுத் ஆர்கனில் ஊதுகிறார். ஒரு கும்பல் உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிறது, அதிலும் ராகம் கெடவில்லை. மாதா கோயில் கூட்டம் ஒன்று அதைப் பக்திப் பாட்டாகவே ஆக்கிவிட்டது. ஒரே பாட்டு இத்தனை வீட்டில் இத்தனை உடை மாட்டிக்கொண்டு இருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆசை அடங்கவில்லை. நாற்பதாவது விநாடிக்குப் பிறகு டிரம்ஸ் நுழைவதும், கடைசியில் பாட்டு கதறுவதும் அப்போதுதான் தெரியும்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. அந்தத் தடுக்கு யாரிடமும் இல்லை. எல்லோரும் நேராக ஏறிவிடுகிறார்கள். சரி, இவர்களுக்கெல்லாம் சரியாகப் பாடம் இல்லை என்று முதல் இரண்டு நாள் பெருமையாகவே இருந்தேன். அசலிலும் அது இல்லை என்று கண்டதும் முகத்தில் ஈயாடவில்லை. அறந்தாங்கி முதல் கட்டுமாவடி வரை, டிரம்பெட் முதல் நாதஸ்வரம் வரை, அத்தனை பேருக்கும் தப்பைக் கற்றுக்கொடுத்தவன் நான். விழுந்து விழுந்து திருத்திப் பழகினேன். ஒத்திகைக்கு வந்த எங்கள் தபேலாக்காரர் மணியண்ணன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "ஒலகமே ஒரு மாதிரி வாசிக்குது, நாம மட்டும் வேற மாதிரி வாசிக்கிறோம்னா, எங்கிட்டுப்பா தப்பு?"

வரவேற்பு

மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் ரமோன், ஒட்டிக்கொள்ளும் வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக, அடக்கமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மச்சான் அவர் முகத்தையே பார்த்தபடி. சாமி பாட்டு முடிந்ததும் அடுத்ததாக இதை எடுத்தோம். நான் முதல் கம்பியைத் தொட்டதுதான் தாமதம், கூட்டத்தில் சலசலப்பு. "மறுபடி டெஸ்டிங் போவுது, வாங்க, பந்தியப் பாத்துட்டு வந்துருவோம்" என்று ஒரு பெரியவர் எழுந்தார். அவர் பின்னால் ஒரு வரிசை. அதன் பின்னால் மண்டபமே. வேர்த்து ஊற்றியது. இருந்தாலும் வாசித்துக்கொண்டே போனேன், நாற்பதாவது விநாடியைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று.

தாண்ட விட்டால்தானே. பழகிய கை, பழகிய விநாடியில் குமிழை இறக்கிவிட்டது. மண்டபத்துப் பெட்டிகள் அத்தனையிலும் செல்வராசுவின் குரல் கணீரென்று கேட்டது. "போதும்ண்ணே. கிதார் ஓகே. தபேலா வாங்க."

அந்தத் தடுக்கு

மச்சான் எழுந்து நின்றுவிட்டார். "டேய் செல்வராசு, அது பாட்டுடா!" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அழுகிற குரலில் சொன்னார். செல்வராசு நாக்கைக் கடித்துக்கொண்டான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். எதிரே முந்நூறு காலி நாற்காலி, நாலைந்து பேர். அந்தப் பதற்றத்தில் பதினோரு நாள் பாடம் பறந்துபோனது. ஏற வேண்டிய இடத்தில் விரல் முப்பது வருஷப் பழக்கத்துக்கே போய், தடுக்கிவிட்டுத்தான் ஏறியது.

ரமோன் விறுக்கென்று நிமிர்ந்தார். எழுந்து நேராக மேடைக்கு வந்தார். அவருடைய பாட்டை அவர் முன்னாலேயே கெடுத்துவிட்டேன் என்று எனக்குக் கை நின்றுவிட்டது. அவர் குட்டையான இரண்டு விரல்களை என் கிதாரின் கழுத்தில், அந்த இடத்தில் வைத்தார். "இத எங்க படிச்சே?" என்றார், குவைத்து அறையில் கற்ற தமிழில். கேசட், ரேடியோ, சரோஜா அக்கா, ஆட்டுக்குட்டி எல்லாம் சொன்னேன். அவர் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். "ரேடியோ இல்ல. அது நான். பழனி பேசணும்னு சொன்னான், நான் நிப்பாட்டினேன். என் கிதார் பழசு. இந்த எடத்துல கை வெச்சா கரகரன்னு வரும். அதனால அத விட்டுட்டு, முந்தின சுரத்தையே இன்னொரு தரம் தட்டிட்டு மேல போவேன்."

விரல் போன மனிதரின் வாசிப்பு முப்பது வருஷமாக எங்கள் திருவிழாத் திடல்களில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மூன்றாம் தடவை ஆரம்பித்தேன். ரமோன் மைக்கைப் பிடித்து, கரகரத்த குரலில், கடைசிவரை பாடினார். மச்சான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். சரோஜா அக்கா எழுந்து போய் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, தாண்டி ஓட்டச் சொல்லாமல், முழுப் பாட்டையும் கேட்டார். பந்தியிலிருந்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, ஈரக் கையோடு வாசலில் நின்றார்கள். செல்வராசு கையைக் குமிழில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

இறங்கும்போது ரமோனிடம், அடுத்த தடவை அந்த இடத்தைச் சரியாக வாசிக்கிறேன் என்றேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார். "மாத்தாதே. மிச்சப் பாட்டு யாரோ செஞ்சது. அந்த எடம் மட்டும்தான் என்னோடது."

ஆகவே, உலகமெல்லாம் சுத்தமாக வாசிக்கிற ஒரு பாட்டை எங்கள் மாவட்டம் மட்டும் தெரிந்தே தப்பாக வாசித்துவருகிறது, அதையும் செல்வராசு இன்றுவரை நாற்பதாவது விநாடியில் நிறுத்தித்தான் வருகிறான்.