ரோசலி அழுத நாள்

"1957 ஜூன் 12, புதன். ரோசலி இன்றும் பேசவில்லை. குழாயடியில் கையேந்தித் தண்ணீர் குடித்தாள். டம்ளரைத் தொடவில்லை."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான். சகோதர சகோதரிகளே, அந்த மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த துயரத்தையும், ஆண்டவர் எங்கள் மன்றாட்டைக் கேட்ட விதத்தையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பவன். வீடு ராயபுரத்தில். அந்தக் கோடையில், கிழக்கேயிருந்து வந்த கப்பல் வழியாக ஃப்ளூ காய்ச்சல் ஊருக்குள் நுழைந்தது என்று பேச்சு. கூலிக்காரர்கள் படுத்துவிட்டார்கள். கூலி நின்ற வீடுகளில் அடுப்பும் எரியவில்லை. சந்தில் நோயாளி இல்லாத வீடே இல்லை. ஆனால் நான் கப்பலடியில் வேலை செய்பவன் என்பதால் கெட்ட பெயர் எங்களுக்கு மட்டும். குழாயடியில் என் மனைவி விக்டோரியாவின் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். என் மகள் ரோசலியின் தலையைக் கண்டாலே பிள்ளைகள், "கப்பல் ஜொரம் வருதுடா, ஓடு!" என்று கத்திக்கொண்டு ஓடின.

ரோசலிக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீட்டில் முதலில் படுத்தவள் அவள். அவளுக்குத் தணிந்த சமயத்தில் தம்பி அந்தோணிக்குக் கண்டது. நான்கு வயதுப் பிள்ளை. நெஞ்சில் சளி கட்டி, மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை போய்விட்டான்.

நம்முடைய வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை விவரம் தெரியாத வயதில் இறந்தால் அது சம்மனசு, வானதூதர். கறுப்பு கிடையாது. வெள்ளை உடுத்தி, தலையில் பூமுடி வைத்து அனுப்புவோம். அழக்கூடாது, அழுதால் சம்மனசின் சிறகு நனையும் என்பார்கள். விக்டோரியா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். ரோசலியின் உதடு பிதுங்கியது. "அழாதே, தம்பி மோட்சத்துக்குப் போயிருக்கான்" என்று நாங்களே அவளை அடக்கினோம். அடங்கிவிட்டாள். அன்றோடு அவள் பேச்சும் அடங்கிவிட்டது.

கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அம்மா தொட வந்தால் பின்னால் நகர்வாள். பள்ளி திறந்தும் போகவில்லை. டாக்டர் பலவீனம் என்று டானிக் எழுதிக் கொடுத்தார். பயந்த கோளாறு, மந்திரிக்க வேண்டும் என்றார்கள் சிலர். இரண்டு பிள்ளைகளையும் ஒரே காய்ச்சலில் இழந்துவிட்டோம் என்றே எனக்குத் தோன்றியது. வேலையில்லாத பகல்களில் கோவிலுக்குப் போய் முழங்காலில் நின்றேன். நீண்ட ஜெபம் எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை" என்று மட்டும் கேட்டேன்.

ஜூன் 18, செவ்வாய். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் குப்பம்மா, எண்ணூரில் மகள் வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றுதான் திரும்பினாள். சேதி கேட்டதும் கூடையை வாசலில் போட்டாள். மாரில் அறைந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"அய்யோ என் ராசா! கூடையில கைவுட்டு நெத்திலி எடுத்துகினு ஓடுவியே! எங்கடா போய்ட்ட?"

விக்டோரியா பதறிப்போனாள். "அக்கா, அழாதே. அவன் சம்மனசு."

"இன்னாமே சம்மனசு? மோட்சத்துலயே இர்க்கட்டும், நான் வேணாம்னா சொன்னேன்? என் கூடையாண்ட இல்லியே! கொய்ந்த செத்த வூட்டுல ஒரு பொட்டுக் கண்ணீரு இல்ல. நீங்கல்லாம் மனுசங்கதானா?"

அவள் தரையில் உட்கார்ந்து குரலெடுத்து ஒப்பாரி வைத்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கல் என்று நினைத்தேன். ரோசலி தவழ்ந்து வெளியே வந்தாள்.

"நான்தாம்மா தம்பிக்குத் தண்ணி குட்த்தேன். தாகம் தாகம்னான். என் டம்ளர்லயே குட்த்துட்டேன். நீ குட்க்காதன்னு சொல்லியும் குட்த்துட்டேன்."

தம்பியைக் கொன்றது தான்தான், அதனால்தான் வீட்டில் யாரும் வாய்விட்டு அழக்கூட இல்லை என்று அந்தக் குழந்தை நினைத்திருக்கிறது. விக்டோரியா அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டு, மகன் இறந்தபின் முதல்முறையாகக் கத்தி அழுதாள். நானும் அழுதேன். குப்பம்மா எங்கள் மூவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவள் மேலிருந்து மீன் வாடை அடித்தது. அந்த நேரத்தில் தூபவாசனைகூட எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்திருக்காது.

"நைனா, என்னாலயா?" என்று ரோசலி கேட்டாள்.

"நீ தாகத்துக்குத் தண்ணி குடுத்தேம்மா. அது பாவமில்லை" என்றேன்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மழைக்காலம் வரையில் கனவு கண்டு அலறுவாள். ஆனால் பேசினாள். அம்மாவின் டம்ளரில் குடித்தாள். இப்போது பள்ளிக்கும் போகிறாள். நான் கேட்டது ஒரு வார்த்தை. கோவிலுக்குள் காலே வைக்காத ஒருத்தியின் அழுகையை அனுப்பி ஆண்டவர் அதைத் தந்தார். அவருக்கே தோத்திரம்.

அதுமுதல், பிள்ளை இறந்த வீடு எதுவானாலும் போகிறேன். உடன்பிறந்த குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அழுங்கள்" என்கிறேன். மோட்சத்தை நம்புகிறவர்களுக்கும் கண்ணீர் உண்டு. நம் ஆண்டவரே சிநேகிதனின் கல்லறையருகே அழுதவர். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்தால் மன்றாடுங்கள். பதில் எந்த வாசல் வழியாக வந்தாலும் திறந்துவிடுங்கள்.

ரோசலியின் கேள்விக்குப் பதில் தேடி அந்த வாரத் தேதிகளை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தேன். அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். அந்தோணி அவள் டம்ளரில் குடித்ததற்கு முந்தைய நாளே அவன் உடம்பு சுட்டதாக விக்டோரியாவுக்கு ஒரு ஞாபகம். எனக்கு அப்படி ஞாபகமில்லை. கப்பல்தளத்திலிருந்து தினமும் வந்து அவனைத் தூக்கிக் கொஞ்சியவன் நான். அவனுக்கு யாரிடமிருந்து தொற்றியது என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதியாகவில்லை.