துரையின் வலது பக்கம்

"துரை வரவில்லை. இவர் கூப்பிட்டதும் போனான்."

எங்கள் சமையலறைக் காலண்டரில், போன வருஷம் ஆகஸ்ட் மாதத்து முதல் ஞாயிறின் கட்டத்தில் நான் பென்சிலால் எழுதியிருப்பது இது. அதற்கு மேல் கட்டத்தில் கேஸ் சிலிண்டர் மாற்றியது இருக்கிறது, கீழே தண்ணீர் கேன் வந்தது. வீட்டில் நடப்பதைத் தேதியோடு குறித்துவைக்கும் பழக்கம் கல்யாணத்துக்கு முன்பே எனக்கு உண்டு. ஆனால் அந்த வரியை எழுதும்போது பென்சில் முனை உடைந்தது காலண்டரைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

துரை ஒரு மீன். கடைக்காரர்கள் ஃபைட்டர் என்பார்கள், புத்தகங்களில் பீட்டா என்று இருக்கும். ஒரு வியாழக்கிழமை விவேக் நகர் தேவாலயத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கடை வாசலில் வரிசையாக அடுக்கியிருந்த பாட்டில்களில் ஒன்றில் அவனைப் பார்த்தேன். கருநீல உடம்பு, சிவந்த செட்டைகள். பக்கத்துப் பாட்டில்காரனைப் பார்த்துச் செவுளை விரித்துச் சண்டைக்கு நின்றான். என் கணவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். சுரங்கத்து வெள்ளைக்கார அதிகாரிகளை அங்கே துரை என்றுதான் சொல்வார்களாம். "தோரணையப் பாரு, துரையாட்டம்" என்றார். பெயர் அவர் வைத்தது. தண்ணீர் மாற்றுவது, தீனி போடுவது, அவன் தண்ணீருக்கு நல்லதென்று பாதாம் இலை பொறுக்கி வந்து ஊறப்போடுவது எல்லாம் நான்.

ஜீவனஹள்ளியில் எங்கள் வீடு சின்னது. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே உள்ள சுவரில், பாத்திரங்களை எடுத்துக் கொடுக்க ஜன்னல் போல ஒரு திறப்பு உண்டு. தொட்டியை அதில்தான் வைத்தோம். ஒரு பக்கக் கண்ணாடி சமையலறைக்கு, மறுபக்கம் ஹாலுக்கு. காலையில் நான் அடுப்பு வேலைக்கு நடுவே என் பக்கத்திலிருந்து தீனி போட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடுவேன். கணவருக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. ஹால் பக்கம் தொட்டியை ஒட்டியே அவருடைய மேஜை. அந்தப் பக்கம் போய் நிற்க எனக்கு நேரம் இருந்ததில்லை. இந்தப் பக்கம் வந்து நிற்க அவருக்கு அவசியம் இருந்ததில்லை.

அவர் வீட்டோடு இருப்பதால் வீடே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. மகள் பள்ளி டைரியை அவரிடம்தான் நீட்டுவாள். பக்கத்து வீட்டு அம்மா கன்னடத்தில் நலம் விசாரிப்பதும் அவரைத்தான். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போது அன்றைய கதையெல்லாம் சொல்லி முடிந்திருக்கும். எனக்கென்று மிச்சம் இருந்தவன் துரை ஒருவன். நான் சமையலறை விளக்கைப் போட்டதும் கண்ணாடியோரம் வந்து வாலை ஆட்டுவான்.

அவன்தான் அந்த ஆகஸ்டில் வராமல் போனான். தொட்டியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் இலைமேல் படுத்துக்கொண்டு அசையாமல் கிடந்தான். நான் விரலை ஆட்டினேன், கூப்பிட்டேன். ஹாலில் இவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கையை உயர்த்தினார். உடனே எழுந்து அவர் பக்கம் போனான்.

மறுநாளும் அப்படியே. போகப் போக என் கையால் போட்ட தீனியை விட்டுவிடவும் ஆரம்பித்தான். வாயருகே வந்த உருண்டையைக் கவ்வத் தவறுவான், அது அடியில் போய் விழும். எனக்கு நெஞ்சு எரிந்தது. ஒரு மீனுக்காகவா என்று கேட்டால், ஆமாம், மீனுக்காகத்தான்.

மகள் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள்: "அவனுக்கு அப்பாதாம்மா பிடிக்கும். நீ சும்மா சாப்பாடு போடற ஆளு."

இவர் சிரித்தார். "நான் என்ன மந்திரமா போட்டேன்? கையை ஆட்டறேன், வர்றான்."

"நாள் பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தா எருமைகூட வரும்" என்றேன்.

"அப்ப நீயும் வந்து உக்காரு."

"நான் உக்காந்துட்டா ஆபீசுக்கு யாரு போறது?"

அதோடு பேச்சு முடிந்தது. பொறாமை முடியவில்லை. மீன்களுக்கு மனிதர்களின் முகம் தெரியுமா என்று கிடைத்ததையெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். வயதான மீன் என்ற தலைப்பு கண்ணில் பட்டபோதெல்லாம் தாண்டிப் போனேன். என் கணக்கில் துரை இன்னும் பாட்டிலில் சண்டைக்கு நின்றவன்தான். நீலம் வெளுத்து வந்தது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஹால் ஜன்னல் வெயில் என்று இவர்மேல் பழி போட்டேன்.

கடைசியில் தொட்டியைப் படுக்கையறையில் என் கட்டில் பக்கத்துக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அடுத்த மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, வாளியும் குழாயும் எடுத்து வந்தேன். இவர் ஹாலிலிருந்து, "வேணாம்மா, அவனைப் போட்டு அலைக்கழிக்காத" என்றார். விட்டுக்கொடுக்க மனசில்லை, அதனால் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். குழாயைத் தண்ணீருக்குள் விட்டேன்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

சமையலறையில் பகலிலும் டியூப் லைட் எரிந்தால்தான் வெளிச்சம். அது அணைந்ததும் ஹால் ஜன்னலின் மங்கலான ஒளி மட்டும் தண்ணீர் வழியாக வந்தது. துரை வழக்கம்போல இலைமேல், வலது பக்கத்தை எனக்குக் காட்டிப் படுத்திருந்தான். அவன் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அதை நான் பல நாளாகப் பார்த்திருக்கிறேன். டியூப் லைட் கண்ணில் மின்னுகிறது என்றே எண்ணியிருந்தேன். இப்போது விளக்கு இல்லை. புள்ளி இருந்தது.

தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திப் பார்த்தேன். புள்ளி நகரவில்லை. பால் உறைந்தது போல விழியை வெண்படலம் மூடியிருந்தது. கண்ணாடியை ஒட்டி விரலைக் கொண்டுபோனேன். அவனுக்கு அது தெரியவில்லை.

இவரைக் கூப்பிட்டுவிட்டு நான் ஹாலுக்கு ஓடினேன். இவர் சமையலறைக்குப் போனார். ஒருவர் இடத்தில் ஒருவர் நின்றோம். இடது கண் தெளிவாகக் கறுப்பாக இருந்தது. நான் கையை உயர்த்தினேன். துரை எழுந்தான். கிழிந்த செட்டைகளை விரித்து, முதுகைக் கொஞ்சம் வளைத்து, நேராக என்னிடம் வந்தான்.

"பாத்தீங்களா, வந்துட்டான்" என்றேன். ஜெயித்துவிட்ட குரல் அது. இப்போது எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

தொட்டியின் அந்தப் பக்கத்திலிருந்து இவர் மெதுவாகச் சொன்னார்: "இந்தக் கண்ணு போயிருச்சும்மா. வயசாயிருச்சு அவனுக்கு."

குழாயை எடுத்துச் சுருட்டி வைத்தேன். இந்த வயதில் தண்ணீரும் இடமும் ஒரேயடியாக மாறியிருந்தால் துரை தாங்கியிருக்க மாட்டான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று இருவரும் தொட்டியருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அவன் மெலிந்ததும் முதுகு வளைந்ததும் தனக்கு ஒரு மாதமாகவே தெரியும் என்றார் இவர்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா, 'எனக்குப் பாத்துக்கத் தெரியலன்னு சொல்றீங்களா'ன்னு கேப்ப. அதான் விட்டுட்டேன்."

அதைத்தான் கேட்டிருப்பேன், அதே வார்த்தைகளில்.

இப்போது தொட்டியில் தண்ணீரைக் குறைத்து வைத்திருக்கிறோம். ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். ஏறி வர அவனுக்குச் சிரமம் வேண்டாம். தீனியை ஊறவைத்து, இடது கண்ணுக்கு நேரே போடுகிறேன். அதற்காகத் தினமும் காலையில் ஹாலுக்கு வந்து, இவர் நாற்காலிக்கும் தொட்டிக்கும் நடுவே நிற்க வேண்டியிருக்கிறது. இவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி இடம் கொடுப்பார், மீட்டிங்கில் இருந்தால் மைக்கை அணைப்பார். முந்தின நாள் கதையில் எனக்குச் சொல்ல விட்டுப்போனதை அப்போது சொல்வார். பஸ்ஸை இரண்டொரு முறை தவறவிட்டிருக்கிறேன்.

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னா நான் எங்க நிக்கறது?" என்று மகள் முழங்கையால் இடித்துக்கொண்டு நுழைகிறாள்.

துரை இருக்கிறான். நீலம் சாம்பலாகிவிட்டது. பகல் முழுதும் அவன் பார்வை விழும் இடத்தில் இவர்தான் இருக்கிறார் என்ற நினைப்பு ஆபீசில் சில சமயம் வந்து குத்துகிறது. அது போகும் என்று தோன்றவில்லை. ஆனாலும் யாராவது என்னைக் கவனிக்கவில்லை என்று மனம் பொருமும்போது, நான் நிற்கும் பக்கம் அவர்களுக்குத் தெரிகிறதா என்று ஒருமுறை சுற்றிப்போய்ப் பார்க்கிறேன். துரை என்னை நான் என்று அறிந்து வருகிறானா, கையில் தீனி இருப்பதால் வருகிறானா என்பதற்கு இரு விதமாகவும் படித்திருக்கிறேன். அது இன்னும் சரிபார்க்கப்படாத தகவல்.