மணி அடிக்காத மூன்று நிமிடம்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், கணவர் ஆசீர்வாதத்தின் கம்பிக் கடையில் உட்கார்ந்து செல்லக்கனி இன்றைக்கும் ஈமாக்ஸ் என்ற பழைய எழுத்துச் செயலியில்தான் வேலை செய்கிறார். வயது ஐம்பத்தைந்து. கடிதம், லோடு பட்டியல் எல்லாம் அதில்தான். திரையில் படம் கிடையாது, மவுஸ் வேண்டாம், வெறும் எழுத்து. மகள் ஜெஸ்லின் பார்த்துவிட்டு, இது கம்ப்யூட்டரா தந்தி ஆபீஸா என்று கேலி செய்வாள். இடது சுண்டுவிரல் தானாக கண்ட்ரோல் பொத்தானுக்குப் போகிறது. கண்மூடித் திறப்பதற்குள் ஈமாக்ஸ் வந்து நிற்கிறது. 1992-இல் அது வந்து நிற்க மூன்று நிமிடம் ஆகும்.

அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒருவர் செத்துப்போனார்.

திருவொற்றியூரில் அப்போது ஒரு கண்டெய்னர் யார்டு இருந்தது. கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து இருபத்திரண்டு வயதில் செல்லக்கனி அங்கே சேர்ந்தார். யூனிக்ஸ் ஓடும் ஒரே ஒரு 386 கம்ப்யூட்டர்தான் மொத்த யார்டுக்கும். நினைவகம் நான்கு எம்பி. இன்றைக்கு ஒரு போட்டோவுக்கே பத்தாது. அதிலிருந்து வயர் இழுத்து ஆபீஸ், கேட், எடைமேடை, கிரேன் பூத் என நான்கு இடங்களில் டெர்மினல், அதாவது ஒரு திரையும் கீபோர்டும், வைத்திருந்தார்கள்.

கப்பலிலிருந்து வரும் பட்டியல் ஒரு வரிசையில் இருக்கும். கஸ்டம்ஸ்காரர்கள் வேறு வரிசையில் கேட்பார்கள். நானூறு கண்டெய்னரைக் கையால் மாற்றி அடிக்க ஒன்றரை நாள் பிடிக்கும். கூடப் படித்த தோழி ஒருத்தி ஈமாக்ஸை டேப்பில் பதிந்து கொடுத்தாள். செல்லக்கனி அதற்குப் பத்து வரிக் கட்டளை எழுதினார். ஒன்றரை நாள் வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

ஆனால் அந்தச் சின்ன மிஷினுக்கு அது பெரிய சாப்பாட்டு ராமன். திறந்தால் இருக்கிற நினைவகத்தையெல்லாம் விழுங்கிவிடும். மற்ற மூன்று டெர்மினலும் உறைந்துபோகும். பழைய காட்சி அப்படியே நிற்கும்; தட்டிய எழுத்து எங்கேயோ வரிசையில் காத்துக் கிடக்கும். அதனால் செல்லக்கனியே ஒரு வழி செய்தார். ஆபீசில் மின்சார மணி. ஒரு முறை அடித்தால் யாரும் தட்டக் கூடாது, கிரேன் தூக்கக் கூடாது. இரண்டு முறை அடித்தால் வேலை தொடரலாம். யார்டில் ஈமாக்ஸுக்கு வைத்த பெயர் பெருசு. மணி கேட்டதும் கேட் டெர்மினலில் உட்கார்ந்திருக்கும் மஜீது மைக்கில் சொல்வார்: "பெருசு எந்திரிச்சிடுச்சு. டீ குடிக்கிறவன்லாம் குடிச்சிக்கோ."

கண்டெய்னருக்குள் ஆள் இறங்கிச் சுத்தம் செய்யும்போது, மஜீது அதன் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் அடிப்பார். கிரேன் பூத்தில் உட்கார்ந்திருக்கும் கோதண்டம் நட்சத்திரம் இல்லாத எண்ணை மட்டும் வயர்லெஸ்ஸில் கிரேன்காரருக்குச் சொல்வார். கோதண்டம் காசிமேட்டுக்காரர். படகு வேண்டாம் என்று கரை வேலைக்கு வந்தவர்.

ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கிரேன் நிற்பது மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. கூடுதல் நினைவகம் அடுத்த வாரம் வருகிறது, இனிமேல் மணி அடிக்காதே என்றார். மறுநாள் காலை பத்து ஐம்பது. பதினொன்றுக்குப் பட்டியல் போயாக வேண்டும். செல்லக்கனி மணியைப் பார்த்தார், அடிக்கவில்லை. பெருசைத் திறந்தார்.

அந்த நேரத்தில் மஜீது நட்சத்திரம் அடித்துவிட்டு லாரிப் பக்கம் போய்விட்டார். அது கோதண்டத்தின் திரைக்கு வரவில்லை. கோதண்டம் எண்ணைச் சொன்னார். கிரேன் தூக்கியது. திறந்திருந்த கதவு வழியாக, உள்ளே சுத்தம் செய்துகொண்டிருந்த தவசிமுத்து இருபதடி உயரத்திலிருந்து விழுந்தார். எண்ணூரிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்.

விசாரணைக்கு வந்தவர்கள் பட்டியலை அச்செடுத்துப் பார்த்தார்கள். நட்சத்திரம் இருந்தது. மஜீது அடித்ததாகச் சொன்னார், உண்மை. செல்லக்கனியிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள், கம்ப்யூட்டர் வேலை செய்ததா என்று. செய்தது என்றார். அதுவும் உண்மை. கோதண்டம் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். நான் கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று அவரே எழுதிக் கொடுத்தார். வேலை போயிற்று. மறுபடி காசிமேட்டுக்கே போய் ஐஸ் உடைத்தார். செல்லக்கனி, யார்டை மூடும் வரை பதினான்கு வருடம் அங்கேயே இருந்தார்.

போன மாதம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். மீன் விற்கிறவள். கோதண்டத்தின் மகள் பவானி. மஜீதிடம் விசாரித்து வந்திருந்தாள். அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, டயாலிசிஸ் செய்துகொள்ள மறுக்கிறார் என்றாள்.

"செத்துப்போன அந்த ஆளு பாவந்தான் வந்து கேக்குது, கேக்கட்டும்ன்றாரு நைனா. நீங்க வந்து மிஷினு கோளாறுன்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. பொய்யா இருந்தாலும் பரவால்ல."

செல்லக்கனி கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு அப்போதே கிளம்பினார்.

கோதண்டம் கட்டிலில் கால் வீங்கி உட்கார்ந்திருந்தார். செல்லக்கனி சொல்ல ஆரம்பித்ததும் சிரித்தார்.

"பவானி சொல்லிக் குடுத்து இட்டாந்துச்சா?"

"இல்லண்ணே. அன்னைக்கு நான் மணி அடிக்கல. அடிக்காம பெருசத் தொறந்தேன். மணி கேட்டுச்சான்னு நீங்களே நெனச்சுப் பாருங்க."

அவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார். சிரிப்பு போய்விட்டது.

"கேக்கல," என்றார். "நான் நல்லாத்தான் பாத்தேன். ஸ்டாரு இல்ல."

"இல்லண்ணே. மிஷினு முழிச்ச பொறவுதான் வந்துச்சு."

"வருசா வருசம் அவன் செத்த நாள்ல எண்ணூரு போயி, அவன் பொண்டாட்டி கால்ல வுழுந்துட்டு வந்துகினு கீறேன். அது ஒரு வார்த்த பேசாது. கதவ சாத்திக்கும்."

அவர் மகளைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்பிடு என்றார்.

தெருவரை அவரை நடத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஒரு தோளைப் பவானி பிடித்திருந்தாள். செல்லக்கனி மறு தோளைப் பிடிக்கப் போனார்.

"கைய எடு," என்றாள் பவானி. குரல் உயரவில்லை. "நான் பொய்தானே கேட்டேன். நெசத்த வெச்சிகினு முப்பத்து மூணு வருசம் இன்னா பண்ணிகினு இருந்தே?"

ஆட்டோவில் ஏறிய பிறகு கோதண்டம் தலையை வெளியே நீட்டி, தவசிமுத்துவின் மனைவி குடியிருக்கும் தெருவைச் சொன்னார். அங்கேயும் போய்ச் சொல்லிவிடு என்றார்.

இப்போது அவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. தாமதமாகத் தொடங்கியதால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள். செல்லக்கனி தினமும் காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறக்கிறார். கடை வாசலைத் தாண்டினால் எண்ணூருக்கு ஷேர் ஆட்டோ கிடைக்கும். அவர் இன்னும் போகவில்லை.