சைபர் அக்கா

குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையில் மூன்று முறை தட்டுகிறாள். ஒன்றும் விழவில்லை. நான்காவது தட்டு கொஞ்சம் ஓங்கி விழுகிறது, எதையோ ஒளித்து வைத்திருப்பவனைப் பிடித்து உலுக்குவதுபோல. ஓர் எறும்பு வந்து விழுகிறது. “நீயும் நம்பி ஏமாந்தியா?” என்று அதைத் தரையில் இறக்கிவிட்டுப் பதிவேட்டைத் திறக்கிறாள். தேதிக்கு எதிரே 0.0. பேனா முனை தாளைக் கிழித்துவிடுமோ என்று பார்ப்பவர்களுக்குப் பயமாக இருக்கும். அப்படி ஓர் அழுத்தம்.

நீர்வழங்கல் அலுவலக முற்றத்தில், இடுப்பளவுக் கம்பிவேலிக்குள், கல்மேடைமேல் நிற்கிறது அந்த மழைமானி. மேலே ஒரு புனல், உள்ளே ஒரு குப்பி. காலை எட்டரைக்கு அதைத் திறந்து, இருப்பதை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, எழுதி, தலைமை அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். பதினொரு வருடமாக அவள் வேலை அது. மீதி நேரமெல்லாம் கோப்பு தூக்குவதும் தபால் பிரிப்பதும். இந்தக் கோடையில் தினம் தினம் போனில் “சைபர்” என்று அவள் கத்துவது வெளியே பஸ் நிறுத்தம்வரை கேட்டுக் கேட்டு, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

தெருவில் அவளை யாரும் நலம் விசாரிப்பதில்லை. “அக்கா, மழை வருமா?” என்றுதான் கேட்பார்கள். அவளுக்கு உச்சந்தலைவரை ஏறும். “நான் அளக்கிறவ. அனுப்புறவ இல்ல” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நடப்பாள். கக்கத்தில் மட்டும் குடை இருக்கும். பதினொரு வருடமாக ஒருநாள்கூடக் குடை இல்லாமல் வேலைக்கு வந்ததில்லை. “நம்பிக்கை இல்லாதவளுக்குக் குடை எதுக்கு?” என்று காவலாளி சீண்டினால், “வந்தா ரெண்டு அடி போடறதுக்கு” என்பாள். மழையையா அவனையா என்று அவன் கேட்டதில்லை.

வானொலியில் வானிலை முன்னறிவிப்பு வரும்போது அவள் பக்கத்தில் இருக்கக் கூடாது. ‘அடுத்த சில நாட்களில் பரவலாக மழைக்கு வாய்ப்பு’ என்று அந்தக் குரல் கொஞ்சும். இவள் வெடிப்பாள். “வாய்ப்பு, வாய்ப்பு! மூணு வாரமா இதையே சொல்றான். வாய்ப்பைக் குடத்துல புடிக்க முடியுமா? வாய்ப்பை வச்சு ஒரு துணி அலச முடியுமா?”

துணி என்று அவள் சொல்வது சும்மா இல்லை. வீட்டில் கணவர் இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். முன்பு பஸ் ஓட்டியவர். பக்கவாதம் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டது. வாயை மட்டும் விட்டுவைத்தது. அவர் உடம்பைத் துடைக்கவும், விரிப்புகளை அலசவும் நாளைக்கு மூன்று குடம் வேண்டும். தெருக் குழாயில் கிடைப்பது வீட்டுக்கு இரண்டு குடம். முதுகில் புண் வந்துவிட்டது. அதைத் துடைக்கும்போது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, “என்ன மகாராணி, இன்னிக்கு வானம் என்ன சொல்லுச்சு?” என்பார். “சைபர்” என்பாள் இவள். “சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்பார், அடுத்த பஸ் பின்னால் வருகிறது என்று பயணிகளுக்குச் சொல்வதுபோல. அந்த வேளையில் அவளுக்குக் கண் நிறையும். ஆனால் அழுகைகூட அவளுக்கு ஆத்திரமாகத்தான் வெளியே வரும். குடத்தை ‘டங்’கென்று வைப்பாள்.

ஒரு விதி இருந்தது. தொடர்ந்து முப்பது நாள் மழைமானியில் சொட்டு விழாவிட்டால், அந்தப் பகுதித் தெருக்களுக்கு லாரியில் தண்ணீர் அனுப்ப வேண்டும். நடுவில் ஒருநாள் மழை பதிவானால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். மழைக்காக ஏங்குகிறவளே மழை இல்லாத நாட்களை விரல்விட்டு எண்ண வேண்டிய கொடுமை. இருபத்தெட்டு சைபர் எழுதியாகிவிட்டது.

இருபத்தொன்பதாம் நாள் விடுப்பு எடுத்தாள். கணவரின் முதுகுப் புண்ணில் சீழ் பிடித்துவிட்டது. விடிவதற்கு முன்பே ஆம்புலன்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மழைமானிச் சாவியை முதல்நாள் சாயங்காலமே காவலாளியிடம் கொடுத்து, “திற, தட்டு, சைபர்னு எழுது, போன்ல சொல்லு. அவ்வளவுதான். குழந்தைகூடச் செய்யும்” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மருத்துவர் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, “தினம் நல்லாத் தண்ணி விட்டுச் சுத்தம் பண்ணுங்க. இல்லன்னா எலும்புவரைக்கும் போயிடும்” என்றார். “ரெண்டு நாள் பொறுத்துக்குங்க டாக்டர். லாரி வந்துடும்” என்றாள் இவள், ஏதோ மருத்துவருக்கு ஆறுதல் சொல்வதுபோல.

சாயங்காலம் வீடு திரும்பிக் கணவரைப் படுக்க வைக்கும்போது பக்கத்து வீட்டு வானொலி சொன்னது: ‘நகரின் மையப் பகுதியில் ஆறு மில்லிமீட்டர் மழை பதிவாகியுள்ளது. கோடை மழை தொடங்கிவிட்டது.’

தலையணை அவள் கையிலேயே நின்றது.

“எங்கடி பெஞ்சுது?” என்றார் கணவர். “நமக்கு ஒரு வார்த்தை சொல்லாம?”

வாசலில் அதற்குள் கேலி கிளம்பிவிட்டது. “அக்கா! உங்க ஆபீசுக்கு மட்டும் தனி மழையாமே! எங்களுக்கும் ஒரு குடம் புடிச்சிட்டு வரக் கூடாதா?” என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரி, அடுத்த மூச்சில் குரல் தழுதழுத்து, “அப்ப லாரி வராதாக்கா?” என்றாள்.

அன்றிரவு ஒரு சொம்புத் தண்ணீரில் கணவரின் உடம்பைத் துடைத்தாள். சொம்பின் அடியில் மிஞ்சியதைப் புண்ணைச் சுற்றி ஒற்றினாள். அவர் அன்று ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் ஏழரைக்கே அலுவலக வாசலில் நின்றாள். கேட்டில் அந்த அலுவலகமே மாட்டிய அறிவிப்பு தொங்கியது: ‘செடிகளுக்கும் வாகனங்களுக்கும் தண்ணீர் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டுள்ளது.’ அதைத் தாண்டி உள்ளே போனவள் அப்படியே நின்றாள்.

முற்றத்தில் பச்சைப் பசேலென்று புல். எங்கோ வளர்ந்ததைப் பாய்போலச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்திருந்தார்கள். நடுவில் ஒரு கம்பி விர்ர்ரென்று சுழன்று நாலாபுறமும் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தத் தண்ணீர் கம்பிவேலியைத் தாண்டி, மழைமானியின் புனலுக்குள் ‘சடசட’வென்று விழுந்தது.

“வானத்தை அண்ணாந்து பாக்க உனக்குக் கழுத்து இல்லையாடா?” என்று காவலாளியைப் பிடித்துக்கொண்டாள்.

“அசந்து தூங்கிட்டேன்கா. காலையில எழுந்து பாத்தா வேலியெல்லாம் நனைஞ்சிருந்துச்சு, குப்பியில ஆறு இருந்துச்சு. ராத்திரி பெஞ்சிருக்குன்னு நெனச்சேன். சந்தோஷத்துல ரெண்டு தடவை அளந்தேன்கா. முந்தாநாள் சாயங்காலம் நீங்க கிளம்பினப்புறம்தான் இந்தப் புல்லு வந்துச்சு. ராத்திரியெல்லாம் தண்ணி ஓடும்னு எங்கிட்ட யாரும் சொல்லலையே!” அவன் முகம் அழுகைக்குத் தயாராக இருந்தது. அவனைத் திட்டத் தெம்பில்லாமல் விட்டுவிட்டு, அதிகாரியிடம் போனாள்.

அதிகாரி காலையிலேயே வந்திருந்தார். மேலிடத்திலிருந்து பெரியவர்கள் பார்வையிட வருகிற வாரம் அது.

“சார், நேத்து எழுதினது மழை இல்ல. உங்க புல்லுக்கு விட்ட தண்ணி. திருத்திடறேன்.”

“திருத்தினா, தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்கம்மா.”

“கேக்கட்டும் சார். கேட்டில தொங்கற நோட்டீஸையும் படிக்கட்டும்.”

“உன் வேலை அளக்கிறது. அதோட நிறுத்திக்கோ.”

“அளக்கத்தான் சார் வந்தேன். மழையை. உங்க குழாயை இல்ல. எங்க தெருவுக்கு இன்னிக்கு லாரி கெடைக்கணும். வீட்ல ஒரு மனுஷன் புண்ணோட கெடக்கறாரு சார்.”

அவர் குரலை இறக்கினார். அதட்டலைவிட மோசமான கனிவு அது. “பொறும்மா. இன்னும் முப்பது நாள்தானே? அதுக்குள்ள நெஜமாவே மழை வந்துடும். நல்ல வாய்ப்பு இருக்குன்னு சொல்லிருக்காங்க.”

வாய்ப்பு.

அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் அவர். சைபர் அக்கா விறுவிறுவென்று முற்றத்துக்கு இறங்கினாள். புல்லின்மேல் பாம்பாக நெளிந்து கிடந்த ரப்பர் குழாயைத் தேடிப் பிடித்து, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வலது காலை அதன்மேல் ஊன்றினாள். விர்ர்ரென்று சுழன்ற கம்பி திக்கியது, இருமியது, இரண்டு சொட்டு உமிழ்ந்து நின்றது.

எட்டரை. அலுவலகக் கைப்பேசி கத்தத் தொடங்கியது, தலைமை அலுவலகத்திலிருந்து. காவலாளி அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவள் கையில் கொடுத்தான். அவன் செய்யக்கூடிய பிராயச்சித்தம் அது ஒன்றுதான்.

“இன்னிக்கு சைபர்மா” என்றாள். “நேத்தும் சைபர். ஆமா, ஆறுன்னுதான் சொன்னாங்க. அடிச்சிடுங்க… காரணமா? எழுதிக்கோங்க. ஆபீஸ் புல்லுக்கு விட்ட தண்ணி மழைமானியில விழுந்துடுச்சு. இன்னிக்கும் விழுந்திருக்கு, என் கண்ணால பாத்தேன். வானத்துலேருந்து ஒரு சொட்டும் இல்ல. அளக்கிறவ சொல்றேன்.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். பிறகு அந்தப் பெண்குரல் மெதுவாகச் சொன்னது: “அப்ப இன்னியோட முப்பதுங்க. லாரிக்கு எழுதிடறேன்.”

“எழுதிடும்மா. நீ நல்லா இருப்பே.”

அதிகாரி வராந்தாப் படியில் வந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. “என்னம்மா பண்றே? புல்லு காஞ்சிடும்! முதல்ல அந்தக் காலை எடு! எடுன்னு சொல்றேன்ல!”

சைபர் அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். போனைக் காவலாளியிடம் நீட்டினாள். கக்கத்துக் குடையை எடுத்துப் புல்லில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு, மற்றக் காலையும் தூக்கிக் குழாயின்மேல் வைத்தாள்.